கழுவின கிழங்குக்கும் கழிவு

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிற டாக்டர் தனசேகரனின் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டாக்டரின் பெயர் தெரியாது. பவுலினைத் தெரியும். "பிரஷர் பாக்கற அம்மா இருக்காங்களா?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். இருக்கிறாள் என்றால் உட்காருவார்கள். லீவு என்றால், நாளைக்கு வருகிறோம் என்று பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடுவார்கள். டாக்டருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பவுலினுக்கு எதற்கு வருத்தம் வரப்போகிறது? இருபத்திரண்டு வருடமாக ஊட்டி வளர்த்த பெருமை அது.

அந்தப் பெருமைக்கு நியாயமும் இருந்தது. அவள் சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் சீசனுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். பவுலின் கன்னியர் மடத்து விடுதியில் இருந்து படித்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் மடத்து மதர் ஒருவர் கண் ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்பில் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் படித்துவிட்டு இங்கே வந்தவள்தான். நடுவில் கல்யாணம் ஆயிற்று. கணவன் சேவியர்ராஜ் உளுந்தூர்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். மகள் எஸ்தர் வளர்ந்து சேலத்தில் காலேஜில் படிக்கிறாள். பவுலின் மட்டும் அதே இருட்டறையில், அதே சுழல் முக்காலியில்.

அந்த அறையில் அவள் செய்வது இதுதான். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். வடிவது குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால் பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது, ஒரு வார்த்தை சொல்லாது. நரம்பை மட்டும் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். தின்றது திரும்பாது. அதனால் அவ்வப்போது அளந்து பார்த்து மருந்து விட வேண்டும். பவுலின் கண்ணில் மரத்துப்போகிற சொட்டும் மஞ்சள் சொட்டும் விடுவாள். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் ஒரு சின்னக் கண்ணாடி முனையைக் கருவிழியில் மெல்லத் தொட வைப்பாள். இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். பக்கத்தில் இருக்கிற திருகைத் திருப்பத் திருப்ப அவை நகரும். இரண்டின் உள்ளோரமும் தொட்டுக்கொள்கிற இடத்தில் திருகு காட்டும் எண்தான் பிரஷர். இருபத்தொன்றுக்குள் இருந்தால் விடு, தாண்டினால் மருந்தைக் கூட்டு என்பது டாக்டர் தனசேகரனின் கணக்கு.

கண்ணை இறுக்கிக்கொள்கிற ஆளைத் தளர வைப்பதில்தான் பவுலின் கெட்டிக்காரி. "மூச்சை அடக்காதீங்க, வூட்ல இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்பாள். அவர்கள் குழம்பைச் சொல்லி முடிப்பதற்குள் எண்ணைப் பார்த்துவிடுவாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், எல்லாருக்கும் பிரஷர் சற்று ஜாஸ்தியாகவே வருகிறதே என்ற சந்தேகம் அவளுக்குத்தான் முதலில் வந்தது. மெஷினோடு வந்த பெட்டியில் ஓர் எடைக்கம்பி உண்டு. மேலே கோடுகள் போட்டிருக்கும். அதை மெஷினின் பக்கவாட்டில் செருகி, இருபதுக்கான கோட்டில் நிறுத்தித் திருகினால், முனை சரியாக இருபதில் சாய வேண்டும். வாங்கின நாளிலிருந்து யாரும் தொடாத கம்பியைத் தேடி எடுத்துச் செருகினாள். இருபத்து நான்கில் சாய்ந்தது. மூன்று தரம் பார்த்தாள், மூன்று தரமும் அதே இருபத்து நான்கு.

"சார், மெஷின் நாலு ஜாஸ்தி காட்டுது" என்று டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

அன்றைக்கு வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "சர்வீஸுக்குக் குடுத்தா மெட்ராஸ் போய் வர பதினஞ்சு நாள் ஆவும். அதுவரைக்கும் கைய கட்டிக்கினு இருக்க முடியுமா? நாலு கழிச்சு எழுதும்மா. சர்வீஸ்காரன் வரும்போது பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

சர்வீஸ்காரன் வரவில்லை. பவுலின் கழித்தாள். மெஷின் இருபத்தாறு என்றால் சீட்டில் இருபத்திரண்டு. மெஷின் பத்தொன்பது என்றால் சீட்டில் பதினைந்து. இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் மனக்கணக்குதான். கொஞ்ச நாளில் டாக்டருக்கு மறந்துபோனது. பவுலினுக்கு மறக்கவே இல்லை. காய்ச்சலில் வந்த நாளிலும், மாமனார் செத்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோதும் நாலு கழிக்க மறக்கவில்லை. ஒரு நாளாவது மறந்து தொலைத்திருக்கலாம்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் லீவு. அவள் இல்லாத நாட்களில் டாக்டரே பிரஷர் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்த அன்று வரவேற்பு மேசை அமுதா ஸ்வீட் வாங்கி வைத்திருந்தாள். மதியத்துக்குள் நாற்பது சீட்டு எழுதியாயிற்று. டாக்டர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நான் பாத்தப்ப எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்தி மூணுன்னு ஏறிக் கெடந்துச்சு. நீ வந்து கைய வச்ச, எல்லாம் எறங்கிடுச்சு பாரு. பவுலின் கைராசிம்மா இது!"

அமுதாவும் சிரித்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பவுலின், போங்க சார் என்று சொல்லிவிட்டு, முகம் சிவக்க முக்காலியில் போய் உட்கார்ந்தாள். நாற்பது பேரின் கண் அழுத்தம் ஒருத்தி லீவு முடிந்து வந்ததற்காக இறங்குமா என்று படித்த இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புகழ்ச்சி அப்படித்தான். கேட்கிறவர் புத்தியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகும்.

அதே வாரத்தில் தைலம்மாள் வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு முன்னாலேயே இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் அவளுக்கு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரு ஏக்கர் மரவள்ளியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவள். இரண்டு கண்ணிலும் பிரஷர் வியாதி, இடது கண்ணில் அப்போதே கொஞ்சம் அரித்திருந்தது. பவுலின் லீவில் இருந்தபோது அவள் வந்திருக்கிறாள். டாக்டர் இருபத்து மூன்று என்று பார்த்து இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்த்திருந்தார்.

"ரெண்டாவது மருந்து விட்டா மொளகாத்தூள் போட்டாப்ல எரியுதுங்க நர்ஸம்மா" என்று சொல்லிக்கொண்டே தாடையை வைத்தாள்.

"இன்னாக்கா இவ்ளோ லேட்டு இன்னிக்கு?" என்று பவுலின் பேச்சுக் கொடுத்தாள்.

"லோடு ஏத்திட்டு வரேங்க. எல்லாரும் கெழங்க மண்ணோட போடறாங்க. நான் ஓடையில அலசி அலசிப் போடறேன். அந்த புரோக்கரு கழுவின கெழங்குக்கும் மூட்டைக்கு நாலு கிலோ கழிவு போடறான். மண்ணு எங்கடா இருக்குதுன்னு கேட்டா, எல்லாருக்கும் கழிக்கறோம், ஒனக்கும் கழிக்கறோம்ன்றான்."

"அநியாயமா இருக்குதேக்கா. ஒரு தடவ மூட்டையப் பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடாதா அவனுக்கு?"

இதை உண்மையான கோபத்தோடுதான் பவுலின் சொன்னாள். சொல்லிக்கொண்டே திருகைத் திருப்பினாள். அரைவட்டங்கள் இருபத்தொன்றில் தொட்டுக்கொண்டன. சீட்டில் பதினேழு என்று எழுதினாள். எழுதினதோடு நிற்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய், "சார், பதினேழுதான் இருக்கு. பாவம், கண்ணு எரியுதுன்றாங்க. ரெண்டாவது மருந்த நிறுத்திடலாமே" என்று சிபாரிசும் செய்தாள். டாக்டர் எண்ணைப் பார்த்தார், நிறுத்தினார். தைலம்மாள் பவுலினின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தாள். சீட்டில் பத்தொன்பது, இருபது, பத்தொன்பது, இருபது. சுவரில் மாட்டின எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் அதே ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார். ஓரம் போவது எழுத்து வாசிக்கையில் தெரியாது.

போன ஆவணியில் கையில் கட்டோடு வந்தாள். "இந்தப் பக்கம் இருந்து மாடு வந்தது தெரியலீங்க, முட்டித் தள்ளிடுச்சு" என்று இடது தோளைக் காட்டினாள். பவுலின் பிரஷர் பார்த்து, வலது இருபது, இடது இருபத்தொன்று என்று எழுதினாள். டாக்டர் விளக்கை வைத்து நரம்பை வெகுநேரம் பார்த்தார். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். பக்கப் பார்வை அளக்கிற மெஷின் அங்கேதான் இருக்கிறது.

நான்கு நாள் கழித்து தைலம்மாள் பதில் கடிதத்தோடு திரும்பி வந்தாள். பவுலின்தான் பிரித்தாள். இடது கண்ணில் பக்கப் பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரத்தில் அரிப்பு தொடங்கியிருக்கிறது. போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்ற மூன்று மருந்து. அழுத்தம்: வலது இருபத்து நான்கு, இடது இருபத்தைந்து. கடிதத்தின் கடைசியில், உங்கள் கருவியைச் சரிபார்ப்பது நல்லது என்று மரியாதையாக ஒரு வரி.

தைலம்மாள் போன பிறகு டாக்டர் கடிதத்தை மேசையில் போட்டார். "அவங்க மெஷினு தப்பா இருக்கும்."

"அவங்களுதுதான் சார் தப்பு" என்றாள் பவுலின். அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் எழுதின எண்ணை யாரும் கேள்வி கேட்டதில்லை. "நம்ம மெஷின் நாலு ஜாஸ்தி காட்டுதுன்னு அன்னிக்கே கண்டுபிடிச்சு, கழிச்சுத்தானே எழுதிக்கினு வரேன். இப்பவே கம்பி போட்டுக் காட்டறேன் பாருங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கழிச்சியா? இன்னும் கழிச்சிக்கினா இருக்க?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் அவள் மண்டையில் ஏறவில்லை. அடி அலமாரியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டினாள். கம்பியைச் செருகினாள். இருபதின் கோட்டில் நிறுத்தினாள். இருபத்து நான்கில் சாயப்போகிறது, அதைப் படம் பிடித்துப் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டும் என்று போனைக்கூடப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

முனை இருபதில் சாய்ந்தது.

மறுபடி திருகினாள். இருபது. கம்பியைக் கழற்றி மாட்டித் திருகினாள். இருபது. மெஷின் ஒரு தப்பும் சொல்லவில்லை.

மெஷினின் மறுபக்கத்தைத் தடவினாள். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியும், கம்பெனிக்காரன் ஒட்டினது என்று விட்டிருந்தாள். அதன்மேல் கெட்டியாகச் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், எதையாவது பழுது பார்த்து முடித்த அன்றைக்கும் அமுதா மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைப்பாள். மெஷினில் தட்டையான இடம் அந்த ஸ்டிக்கர்தான் என்பதால் பொட்டு அதன் மேலேயே விழும். பவுலின் தினமும் மெஷினைத் துடைக்கிறவள்தான். கண்ணாடியைத் துடைப்பாள், தாடைக் கட்டையைத் துடைப்பாள், பொட்டை மட்டும் தொட மாட்டாள். அடுத்தவர் சாமிக்கு வைத்ததை ஒரு கிறிஸ்துவச்சி அழித்துவிட்டாள் என்று பேச்சு வரக்கூடாது என்கிற நல்ல எண்ணம். இப்போது பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பொட்டைத் துடைத்தாள். சர்வீஸ்காரனின் கையெழுத்து தெரிந்தது. கருவி சரி செய்யப்பட்டது, பிழை இல்லை. தேதி, அவள் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த இரண்டாவது வாரம்.

அமுதாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஆமாங்க, லைட்டு மாத்த ஒருத்தர் வந்தாரு. இந்த மெஷினும் சரியில்லன்னு ஒரு மணி நேரம் ஒக்காந்து திருப்புளி வச்சு முடுக்கினாரு. சாரு ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தாரு. நான் கையெழுத்துப் போட்டு ஃபைல்ல வச்சேன். ஏங்கா?" என்றாள். அவள்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. இந்த மெஷினுக்கு ஒரு கழித்தல் உண்டு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பவுலின் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் ஞாபகம் வந்தது தைலம்மாளின் கண் இல்லை. நாற்பது சீட்டைப் புரட்டிவிட்டு டாக்டர் சிரித்த சிரிப்பு. கைராசி. அன்றைக்குத் தன் முகம் சிவந்தது, போங்க சார் என்று குழைந்தது, எல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. அவள் கை வைத்து யாருக்கும் எதுவும் இறங்கவில்லை. பேனாவில் இறங்கியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக, சரியாக இருந்த எண்ணை எடுத்து, தன் சாமர்த்தியத்தில் நான்கைக் கழித்து, தப்பாக்கி எழுதியிருக்கிறாள்.

சாயங்காலம் டாக்டரும் அவளும் பழைய சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை எழுதியிருந்தவர்கள், அதாவது கழித்த நாலைக் கூட்டினால் இருபத்தொன்றைத் தாண்டுகிறவர்கள், முப்பத்தெட்டுப் பேர். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"நான்தானே கழிக்கச் சொன்னேன்" என்றார் மெதுவாக. அப்புறம் குரலைச் சரி செய்துகொண்டார். "இலவசச் செக்கப்புன்னு எல்லாருக்கும் போன் போட்டு வரச் சொல்லு. பாத்து மருந்த மாத்திடலாம். வேற ஒண்ணும் யாருகிட்டயும் சொல்ல வேணாம் பவுலின். வெளிய தெரிஞ்சா இந்தக் கதவ சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்."

கூப்பிட்டார்கள். வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு இப்போதும் இருபத்தொன்றைத் தாண்டியிருந்ததால் மருந்து கூட்ட வேண்டியிருந்தது, நல்ல காலம், அவர்கள் பார்வைக்குப் பெரிய சேதம் இல்லை. வந்தவர்கள் பவுலினைத்தான் வாழ்த்தினார்கள். "போன் போட்டு வர வச்சு சும்மா பாக்கற ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருக்குது? எல்லாம் இந்த அம்மா மனசு" என்றார் ஒருவர். பவுலின் தலையைக் குனிந்துகொண்டு மஞ்சள் சொட்டை விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். சாமியார் பொறுமையாகக் கேட்டார். அறியாமல் செய்தது, செபம் செய்யுங்கள், அந்த அம்மாவுக்காகவும் செபியுங்கள் என்றார். வெளியே வந்து முழங்கால் போட்டுச் செபமும் செய்தாள். மனசு இம்மியும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சேவியர்ராஜிடம் சொன்னாள். "நீ வேணும்னேவா பண்ண? விடு" என்றான் அவன்.

"சாமியாருகிட்ட சொல்றது சுலபங்க. நடுவுல தட்டி இருக்குது, மூஞ்சி தெரியாது" என்றாள் பவுலின். சேவியர்ராஜுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளிமலை பஸ் ஏறினாள். தைலம்மாளுக்குப் போன் போட்டால் கிடைப்பதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி பஸ் மலை ஏறுகிற வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். எப்படி அடுக்கினாலும் அதில் டாக்டர், சர்வீஸ்காரன், அமுதா, பொட்டு என்று யாராவது முன்னால் வந்து நின்றார்கள். அவள் பின்னால் நின்றாள்.

தைலம்மாள் வீட்டு முன்னால் பலா மரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து மரவள்ளி விதைக்குச்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். பவுலினைப் பார்த்ததும் எழுந்து, கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"நர்ஸம்மா! இம்மாந் தூரமா வந்தீங்க? ஒரு சேதி சொல்லி அனுப்பினா நானே வந்திருக்க மாட்டனா?"

கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். வேக வைத்த கிழங்கைத் தட்டில் வைத்தாள். அவளே பேசினாள். "எல்லாம் என் தப்புங்க. அன்னிக்கு அந்த ரெண்டாவது மருந்து எரியுதுன்னு நான்தானே அழுதேன். பொறுத்துகினு விட்டிருந்தா கண்ணு நின்னிருக்கும். நீங்க எனக்காவ டாக்டருகிட்ட போய்ப் பேசினீங்க. யாரு பேசுவாங்க?"

பவுலினால் கிழங்கைத் தொட முடியவில்லை. எழுந்து போய், தைலம்மாளின் பக்கத்தில் கல்லின் ஓரமாக உட்கார்ந்தாள். இடது பக்கம். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். மெஷின் ஒரு காலத்தில் நாலு கூட்டிக் காட்டியதை, தான் கழித்ததை, சர்வீஸ்காரன் மெஷினைச் சரி செய்துவிட்டுப் போனதை அமுதா சொல்லாததால் தெரியாமல் இரண்டு வருடத்துக்கு மேல் கழித்துக்கொண்டே இருந்ததை, இருபத்து நான்கை இருபது என்று எழுதியதை. "அந்த மருந்த நிறுத்தச் சொன்னதும் நான்தாங்கா. உங்க தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் எழுதின தப்பு" என்று சொல்லி நிறுத்தினாள்.

தைலம்மாள் நேராகப் பார்த்தபடியே இருந்தாள். அப்படியே சொன்னாள்: "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தப் பக்கம் ஒக்காந்தா எனக்குத் தெரியாது."

பவுலினுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கண்ணில் எந்தப் பக்கம் பார்வை போயிருக்கிறது என்று கடிதத்தில் படித்தவள் அவள். இருபத்திரண்டு வருடம் இதே வேலையைப் பார்த்தவள். இடது பக்கம் போய் உட்கார்ந்தது தற்செயல் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. தான் பறித்த இடத்திலேயே போய் ஒளிந்துகொண்டிருக்கிறாள். இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறதா என்று இருந்தது. எழுந்து சுற்றி வந்து, எதிரே மண்ணில் உட்கார்ந்து, அந்த முகத்தைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அமுதாவும் சர்வீஸ்காரனும் வரவில்லை.

தைலம்மாள் ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக உடைத்தாள். சாப்பிடவில்லை.

"கழுவின கெழங்குக்கும் கழிவு போட்டுட்ட" என்றாள்.

அதுவரை இருந்த 'ங்க' போய்விட்டது. பவுலின் ஆமாம் என்று தலையாட்டினாள். எத்தனை விதமாகச் சொல்லியும் தனக்கே பிடிபடாத ஒன்றை இந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் தெரியாதா என்று அன்றைக்குக் கேட்டது யார் என்று அவள் கேட்டிருந்தால் பவுலின் அங்கேயே விழுந்திருப்பாள். அவள் கேட்கவில்லை. அவளுக்கு அது நினைவில் இருந்ததா என்றும் தெரியவில்லை.

"ரெண்டு கண்ணுக்கும் கழிச்சியா?"

"ரெண்டுக்கும் கழிச்சேன்கா."

"இந்தக் கண்ணு நிக்குமா?" என்று வலது கண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மூணு மருந்தும் விட்டா நிக்கும்கா. மாசா மாசம் பிரஷர் பாக்கணும். புதுச்சேரி வேணும்னாலும் நான் கூட்டிக்கினு போறேன். என்கிட்ட வர வேணாம்னு தோணும், அது நியாயம்தான்."

தைலம்மாள் உடைத்த கிழங்கைத் தட்டில் வைத்தாள். கத்தியை எடுத்துக் குச்சியை நறுக்கத் தொடங்கினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பவுலின் எழுந்து, வரேன்கா என்றாள். பாதை திரும்புகிற இடம் வரை பின்னால் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தைலம்மாள் வந்தாள். அமுதா டோக்கன் கொடுக்க, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் இருட்டறைக்குள் வந்தாள். உள்ளே சுவரோரம் ஒரு பெஞ்சு உண்டு. கண் பாப்பா விரிகிற சொட்டு விட்டவர்கள் அதில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு ஐந்து பேர் இருந்தார்கள். பக்கத்து அறையில் டாக்டர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு திரைதான்.

தைலம்மாள் தாடையை வைத்தாள். "எழுதறதுக்கு முன்னாடி சத்தமா சொல்லு" என்றாள்.

குழம்பைப் பற்றியெல்லாம் பவுலின் கேட்கவில்லை. திருகைத் திருப்பினாள். பச்சை அரைவட்டங்கள் தொட்டன. "வலது பதினாறு."

"கழிவு போட்டா, போடாமயா?"

"போடாமக்கா. மெஷின் காட்டறது பதினாறு."

தைலம்மாள் மூச்சு விட்டாள். கண்ணாடி முனையில் அது புகையாகப் படர்ந்தது. பவுலின் இடது கண்ணையும் பார்த்தாள். பதினெட்டு, அதுவும் கழிவு இல்லாமல்.

பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார். "இன்னாது கழிவு? பிரஷர்ல கழிவு இருக்குதா? எனக்கும் போடறீங்களா?"

திரைக்கு அப்பால் டாக்டரின் பேச்சு நின்றது. தைலம்மாள் தாடையை எடுத்துவிட்டு, தலையை முழுதாகத் திருப்பி, மிச்சமிருக்கிற பார்வையால் பவுலினைப் பார்த்தாள். பெரியவருக்கு அவள் பதில் சொல்லப்போவதில்லை என்று பவுலினுக்குத் தெரிந்தது.

பவுலின் எழுந்து போய் அறை விளக்கைப் போட்டாள். வெளிச்சம் பட்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூசிக்கொண்டே கண்ணைத் திறந்தார்கள். ஐந்து பேரும் பார்க்கிற மாதிரி முக்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"கழிவு போட்டேங்க. நான்தான் போட்டேன். உங்களுக்கும் போட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தாள்.